குளிர்கால ஸ்டீல்ஹெட்டும் அதற்கான இரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், வடமேற்கு மூலையில், பசிபிக் கடலோரமாக டில்லமுக் விரிகுடா இருக்கிறது. மியாமி, கில்ச்சிஸ், வில்சன், ட்ராஸ்க், டில்லமுக் என்று ஐந்து ஆறுகள் அதில் வந்து கலக்கின்றன. போர்ட்லண்டுக்கு மேற்கே ஹில்ஸ்பரோவில் குடியிருக்கும் நான், குளிர்காலத்து விடுமுறை நாட்களில் பெரும்பாலானவற்றை இந்த ஆற்றங்கரைகளில்தான் கழிக்கிறேன். எங்கள் பகுதியில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டு. ஊரில் குளத்திலும் வாய்க்காலிலும் தூண்டில் போட்டு வளர்ந்தவர்கள் பலர். அவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஸ்டீல்ஹெட் என்பது சால்மனா, ட்ரவுட்டா?

ட்ரவுட். உதகைக்கு அருகே அவலாஞ்சியிலும் இலங்கையின் நுவரெலியா மலைப்பகுதியிலும் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட ரெயின்போ ட்ரவுட்டும் இதுவும் ஒரே இனம். வேறுபாடு வாழும் முறையில்தான். சில குஞ்சுகள் பிறந்த ஆற்றிலேயே தங்கிச் சிறிய ட்ரவுட்டாக வாழ்ந்து முடிக்கின்றன. வேறு சில, பெரும்பாலும் இரண்டாண்டுகள் ஆற்றில் வளர்ந்தபின், உடல் வெள்ளியாக மாறிக் கடலுக்குப் போகின்றன. அங்கே இரண்டு மூன்றாண்டுகள் மேய்ந்துவிட்டு, மூன்று முதல் ஐந்து கிலோ எடையோடு பிறந்த ஆற்றுக்கே திரும்புகின்றன. அப்படிக் கடல் கண்டு திரும்பும் மீனுக்குத்தான் ஸ்டீல்ஹெட் என்று பெயர்.

1989 முதல் அறிவியலாளர்கள் இதைப் பசிபிக் சால்மன்களின் பேரினமான ஆன்கோரிங்கஸில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. சினூக், கோஹோ போன்ற சால்மன்கள் முட்டையிட்டதும் இறந்துவிடும். ஸ்டீல்ஹெட் அப்படி இறந்தாக வேண்டியதில்லை. ஒரு பகுதி, மெலிந்து களைத்த உடலோடு கடலுக்குத் திரும்பி, தேறி, மறுபடியும் ஆறேறும். அப்படி இரண்டாம் முறை வருபவற்றில் பெரும்பாலானவை பெண் மீன்கள். இனி நான் சொல்லப்போகும் பலவற்றுக்கும் இந்த ஒரு செய்திதான் அடிப்படை.

கோடையில் பிடிக்கக் கூடாதா? ஏன் இந்தக் குளிரில்?

கோடையில் ஆறேறும் ஸ்டீல்ஹெட்டும் உண்டு. அவை முதிராத நிலையில் வந்து, மாதக்கணக்கில் ஆற்று மடுக்களில் காத்திருந்து, அடுத்த ஆண்டு முட்டையிடும். குளிர்கால ஸ்டீல்ஹெட், சினை முதிர்ந்த நிலையில் நவம்பர் இறுதியிலிருந்து ஏப்ரல் வரை வருகிறது. வந்த சில வாரங்களில் முட்டையிட்டுவிடுகிறது. கடலிலிருந்து அப்போதுதான் வந்த மீனின் வலிமையை நீங்கள் தூண்டிலில் உணர வேண்டுமானால் டிசம்பர் முதல் மார்ச் வரை மழையில் நிற்கத்தான் வேண்டும். டில்லமுக் ஆறுகளில் குஞ்சு பொரிப்பக மீன்கள் முன்னதாகவும், ஆற்றிலேயே பிறந்த காட்டு மீன்கள் பிப்ரவரி, மார்ச்சில் மிகுதியாகவும் வரும்.

எந்த நாள் நல்ல நாள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

நாட்காட்டியைப் பார்க்காதீர்கள். ஆற்றின் நீர்மட்டத்தைப் பாருங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் வில்சன் ஆற்றில் அளவுமானி வைத்திருக்கிறது. மட்டம் எத்தனை அடி என்பதை இணையத்தில் எப்போதும் பார்க்கலாம். மழை கொட்டி மட்டம் ஏறும்போது ஆறு தேநீர் நிறத்தில் கலங்கி ஓடும். மீன் அப்போதுதான் கடலிலிருந்து நுழைகிறது. ஆனால் உங்கள் இரையை அது பார்க்க முடியாது. மழை விட்டு, வெள்ளம் வடியத் தொடங்கி, கலங்கல் அடங்கி, நீர் பச்சைக் கண்ணாடி போல மாறும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் நமக்கானது. இடுப்பளவு நீரில் நிற்கும்போது உங்கள் முழங்கால் மங்கலாகத் தெரிய வேண்டும், பாதம் தெரியக் கூடாது. எனக்குத் தெரிந்த மிக எளிய அளவுகோல் இதுதான். நீர் முற்றிலும் தெளிந்துவிட்டால் மீன் மிரளும். தூண்டில் நரம்பை மெலிதாக்கி, இரையைச் சிறிதாக்க வேண்டும்.

எல்லா ஆறும் ஒரே நேரத்தில் தெளிவதில்லை. கில்ச்சிஸ் முதலில் தெளியும். அடுத்து வில்சன், பிறகு ட்ராஸ்க். தெற்கே நெஸ்டக்கா இன்னும் தாமதிக்கும். வடக்கே நெஹேலம் பெரிய ஆறு; மற்றவை தெளிந்த பிறகும் பல நாள் கலங்கிக் கிடக்கும். இந்த வரிசையைத் தெரிந்தவர்கள் ஒரு மழைக்குப் பின் ஒரு வாரம் முழுவதும் ஆறு மாற்றி ஆறு பிடிக்கிறார்கள்.

வில்சன் ஆற்றங்கரைச் சாலையில் போகும்போது இருபுறமும் ஒரே வயதுடைய டக்ளஸ் ஃபிர் மரங்களாகத் தெரியும். 1933, 1939, 1945, 1951 என ஆறாண்டுக்கு ஒரு முறை எரிந்த பெருந்தீக்களில் 3,55,000 ஏக்கர் காடு கருகியது. பிறகு பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் சேர்ந்து, 7 கோடிக்கும் மேற்பட்ட நாற்றுகளை நட்டு வளர்த்த காடு அது. மரம் இல்லாத மலையிலிருந்து மண் சரிந்து, மீன் முட்டையிடும் சரளைக்கல் படுகையை மூடும். ஆற்றைப் பற்றிப் பேசும்போது நான் காட்டைப் பற்றியும் பேசிவிடுவது இதனால்தான்.

ஆற்றில் மீன் எங்கே நிற்கும்?

நீங்கள் நிதானமாக நடக்கும் வேகத்தில் நீர் ஓடும் இடத்தில். ஆழம் மூன்று முதல் ஆறடி. வேக நீரும் மெது நீரும் உரசிக்கொண்டு போகும் கோட்டில், பெரிய பாறைக்கு முன்னும் பின்னும், மடு முடிந்து நீர் மேடேறும் வால்பகுதியில். மேலேறிவரும் மீன் ஒரு பாய்ச்சலைக் கடந்ததும் இளைப்பாறும் இடம் அந்த வால்பகுதி. ஆறு மிகுந்து ஓடினால் மீன் கரையோரம் ஒதுங்கும். புதிதாக வருபவர்கள் மீன் நிற்கும் இடத்திலேயே இறங்கி நின்றுகொண்டு நடு ஆற்றுக்கு வீசுவதை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். முதல் வீச்சு உங்கள் காலடிக்குப் பக்கத்தில் விழட்டும்.

நீரின் வெப்பம் 4 பாகை செல்சியஸுக்குக் கீழே போய்விட்டால் மீன் மந்தமாகிவிடும். இரை அதன் மூக்குக்கு நேரே போனால்தான் வாய் திறக்கும். 6 முதல் 10 பாகை வரை இருந்தால் சற்று நகர்ந்து வந்தும் எடுக்கும்.

ஆறேறும் மீன் அதிகம் உண்பதில்லை என்கிறார்களே, பிறகு ஏன் இரையைக் கடிக்கிறது?

பசிக்காக அல்ல, பழக்கத்தால் என்றுதான் நான் நினைக்கிறேன். குஞ்சாக இருந்தபோது இரண்டாண்டுகள் இதே ஆற்றில் மிதந்து வந்த பூச்சிப் புழுக்களையும் சால்மன் முட்டைகளையும் தின்று வளர்ந்த மீன் அது. கடலில் இறால் வகைகளைத் தின்றது. அந்த வாசனை மூக்கில் பட்டதும் வாய் தானாகத் திறக்கிறது. மூக்கு என்று சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. பிறந்த ஆற்றை இந்த மீன்கள் வாசனையால்தான் கண்டுபிடிக்கின்றன என்பதை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஆர்தர் ஹாஸ்லர் 1950களிலிருந்து செய்த ஆய்வுகள் நிறுவின. மனிதத் தோலில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலம் ஆறேறும் சால்மன்களை வெருட்டுகிறது என்பதையும் அதே காலத்தில் கனடிய ஆய்வாளர்கள் கண்டார்கள். எனவே இரையைத் தொடும் முன் கையை ஆற்று நீரிலும் மணலிலும் தேய்த்துக் கழுவுங்கள். பெட்ரோல் நிரப்பிய கையோடு இரை கோக்கவே கோக்காதீர்கள்.

கடையில் இரை விற்கிறதே, எதற்குச் சேற்றில் இறங்க வேண்டும்?

கடையில் ஒரு டஜன் இறால் வாங்கிய நாட்களில் அதை எண்ணிக்கூடப் பார்க்காமல் வீணாக்கியிருக்கிறேன். நானே குனிந்து எடுக்கத் தொடங்கிய பிறகு ஒன்றைக்கூட வீணாக்க மனம் வருவதில்லை. இரண்டாவது காரணம், இரையின் வீடும் மீனின் வீடும் ஒரே நீர். கழிமுகச் சேற்றில் எது வாழ்கிறது, ஆற்றுக் கல்லடியில் எது ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துப் பழகியவருக்கு ஆற்றின் உடல்நிலை தெரியும். மீன் குறைந்த ஆண்டில் ஏன் குறைந்தது என்று அவரால் கேட்க முடியும். மூன்றாவது, உயிரோடு துள்ளும் இறாலுக்கு இணையான இரை கிடையாது. கடையில் அது பல நாள் கிடந்து மணக்கத் தொடங்கியிருக்கும்.

மணல் இறாலை எப்படி எடுப்பது?

இங்கே எல்லோரும் மணல் இறால் என்று சொல்வது விரல் நீளமுள்ள, வெளிறிய இளஞ்சிவப்பு நிற, மெல்லிய ஓடுடைய ஒரு வளை இறால். ஆணுக்கு ஒரு பக்கக் கொடுக்கு மட்டும் மிகப் பெரிதாக இருக்கும். டில்லமுக், நெட்டார்ட்ஸ், நெஹேலம், யக்கினா போன்ற விரிகுடாக்களின் சேற்றுத் திட்டுகளில் ஆழமாக வளை தோண்டி வாழ்கிறது.

கடல் நீர் வற்றும் நேரத்தில்தான் திட்டு வெளியே தெரியும். இங்கே ஒரு சங்கடம் இருக்கிறது. இந்தக் கரையில் கோடையின் ஆழ்ந்த வற்றங்கள் பகலில் வருகின்றன. குளிர்காலத்தின் ஆழ்ந்த வற்றங்கள் இருட்டிய பின் வருகின்றன. ஆகவே டிசம்பரில் இறால் எடுக்கப் போவதென்றால் மாலையில், நெற்றி விளக்கோடு, மழைக்கோட்டோடு போவது என்று பொருள். வற்றம் உச்சத்தைத் தொடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே இறங்குங்கள், வற்றிய நீரைத் தொடர்ந்து போங்கள், நீர் திரும்பத் தொடங்கியதும் நீங்களும் திரும்புங்கள்.

கருவி எளிது. கைப்பிடி வைத்த உறிஞ்சு குழாய். சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பைப் பெரிதாக்கித் தலைகீழாக வேலை செய்ய வைத்தது போல இருக்கும். திட்டில் சிறு எரிமலை வாய் போலத் தெரியும் துளையைத் தேர்ந்தெடுத்து, குழாயை அதன் மேல் நிறுத்தி, கீழே அழுத்திக்கொண்டே கைப்பிடியை மேலே இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். வெறுமனே இழுத்தால் நீர் மட்டும் வரும். வெறுமனே அழுத்தினால் முதுகுதான் வலிக்கும். உறிஞ்சிய சேற்றைப் பக்கத்தில் கொட்டினால் அதில் இறால் நெளியும். ஒரே துளையில் இரண்டு மூன்று முறை உறிஞ்சலாம். அடிவயிற்றில் முட்டை சுமக்கும் பெண் இறாலை நான் எடுப்பதில்லை. எடுத்து முடித்ததும் குவித்த சேற்றைக் காலால் தள்ளிக் குழியை மூடிவிடுங்கள். குவியலுக்கு அடியில் சிப்பிகள் மூச்சுத்திணறிச் சாகின்றன.

ஒரு நாள் ஆற்றுக்கு இரண்டு டஜன் போதும். உரிமமும் ஒரு நாளைய உச்ச வரம்பும் பற்றி மாநில மீன், வனவிலங்குத் துறையின் அவ்வாண்டு விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இந்தச் சிறு உயிரைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். வடக்கே வாஷிங்டன் மாநிலத்தின் வில்லாப்பா விரிகுடாவில் சிப்பி வளர்ப்பவர்களுக்கு இது பகை. இது தோண்டித் தோண்டி மண்ணைப் பொலபொலவென்று ஆக்குவதால் வளர்ப்புச் சிப்பிகள் சேற்றில் புதைந்து சாகின்றன. 1963 தொடங்கிப் பல பத்தாண்டுகள் அங்கே கார்பரில் பூச்சிக்கொல்லி தெளித்து இதைக் கொன்றார்கள். அதே இறாலைத் தின்பதற்காக, அதே மாநிலத்தின் பியூஜட் சவுண்ட் உள்கடலில் விட்பி தீவுப் பக்கம், ஒவ்வொரு வசந்தத்திலும் சில சாம்பல் திமிங்கிலங்கள் கரையோரச் சேறு வரை வருகின்றன. அவை வாயால் அள்ளிய பள்ளங்கள் நீர் வற்றியதும் தெரியும். ஒருவருக்குக் கேடு, ஒருவருக்கு இரை, திமிங்கிலத்துக்கு விருந்து.

நீல நிறத்தில் ஒன்று வந்தது. அதையும் எடுக்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து அந்த வளைக்கே திருப்பி விடுங்கள். அது நீலச் சேற்று இறால். நிறம் நீலச் சாம்பல் அல்லது பழுப்பு. உடலில் மயிர் அதிகம். இரு கொடுக்குகளும் ஏறக்குறைய ஒரே அளவு. இன்னும் சேறான இடத்தில் வாழும். ஆசியாவிலிருந்து வந்து சேர்ந்த ஓர் ஒட்டுண்ணி அதன் செவுளில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. இறால் உடனே சாவதில்லை, ஆனால் இனப்பெருக்கம் செய்யும் வலு போய்விடுகிறது. 1980களிலிருந்து இப்படிப் பல கழிமுகங்களில் அது அழிந்து வருகிறது. கன்னம் ஒரு பக்கம் மட்டும் வீங்கினாற்போல இருந்தால் உள்ளே அந்த ஒட்டுண்ணி இருக்கிறது. இதே காரணத்துக்காக, ஒரு கழிமுகத்தில் எடுத்த இறாலை இன்னொரு கழிமுகத்தில் ஒருபோதும் விடாதீர்கள்.

எடுத்த இறாலை எத்தனை நாள் உயிரோடு வைக்கலாம்?

ஏறக்குறைய ஒரு வாரம். கடல் நீரில் நனைத்துப் பிழிந்த செய்தித்தாளை அடுக்கடுக்காக வைத்து, இடையிடையே இறாலை ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். குழாய் நீர் பட்டால் செத்துவிடும். பனிக்கட்டி உருகி நனைந்தாலும் அப்படியே. நாள்தோறும் பார்த்துச் செத்ததை எடுத்துவிட வேண்டும். ஒன்று அழுகினால் பெட்டி முழுவதும் போய்விடும்.

மீன் சினையை எப்படிப் பதப்படுத்துவது?

இலையுதிர் காலத்தில் பிடித்த சினூக் அல்லது கோஹோவின் சினையே சிறந்தது. மீன் உயிரோடிருக்கும்போதே செவுளை அறுத்து இரத்தத்தை வடித்துவிட வேண்டும். சினைப்பையில் இரத்தம் தங்கினால் பதம் கெடும். பிறகு சினைப்பையைத் தண்ணீரில் கழுவாமல், தாளில் ஒற்றி எடுத்து, பாக்கு அளவுத் துண்டுகளாக, ஒவ்வொன்றிலும் சவ்வு இருக்கும்படி வெட்டுங்கள். சவ்வுதான் முட்டைகளைத் தூண்டில் முள்ளில் பிடித்து நிறுத்தும்.

நான் போராக்ஸ், சர்க்கரை, அயோடின் சேராத உப்பு மட்டும் பயன்படுத்துகிறேன். துண்டுகளின் மேல் தூவிப் புரட்டி, மூடி வைத்தால் முதலில் நீர் விடும். ஒரு நாள் போனால் அந்த நீரையே திரும்ப உறிஞ்சிக்கொண்டு மினுமினுக்கும். அதற்குப் பின் காற்றில் சற்று உலர்த்தி, ஜாடியில் அடைத்து உறைய வைக்கலாம். கையுறை போடுங்கள், பாத்திரங்களைச் சமையலுக்குத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

கடையில் விற்கும் பதப்பொடிகள் பலவற்றில் சோடியம் சல்ஃபைட் இருந்தது. நிறம் பளிச்சென்று வரும். ஆனால் அப்படிப் பதப்படுத்திய சினையைத் தின்ற சால்மன் குஞ்சுகள் செத்துப்போவதை ஒரேகான் மீன் துறையும் ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகமும் நடத்திய ஆய்வு காட்டியது. நம் முள்ளிலிருந்து கழன்று விழும் சினையை அடியில் காத்திருக்கும் குஞ்சுகள்தான் பொறுக்கித் தின்கின்றன. அது தெரிந்தபின் என் கை அந்தப் பொடியின் பக்கம் போகவில்லை.

மண்புழுவும் கல்லடிப் புழுவும் உதவுமா?

மண்புழு நன்றாகவே உதவும், அதிலும் கலங்கல் நீரில். மழை பெய்த இரவில் சிவப்பு விளக்கோடு புல்தரையில் மெல்ல நடந்தால் வளையிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும். வாலைப் பிடித்து வெடுக்கென்று இழுக்காமல், அழுத்திப் பிடித்துக் காத்திருந்தால் தானே பிடியைத் தளர்த்தும். ஊரில் வாழைத்தோட்டத்து ஈரத்தில் மண்வெட்டி போட்டவர்களுக்கு இது மிக எளிது.

ஆற்றுக் கல்லடியில், பொடிக்கற்களை ஒட்டித் தனக்கென்று கூடு கட்டிக்கொண்டிருக்கும் காடிஸ் புழுக்கள் இருக்கும். கூட்டைப் பிரித்து இரண்டு மூன்றை ஒரு முள்ளில் கோக்கலாம். தெளிந்த நீருக்கு ஏற்றவை. ஆனால் குளிர்காலத்தில் சரளைக்குள் சினூக், கோஹோ முட்டைகள் புதைந்திருக்கின்றன. வெளிறிய, கழுவித் துடைத்தது போன்ற சரளைத் திட்டைக் கண்டால் அதில் காலே வைக்காதீர்கள். அது மீன் முட்டையிட்ட இடம். கரையோரக் கற்களை மட்டும் புரட்டி, முன்பு இருந்தபடியே திருப்பி வையுங்கள்.

என்ன தூண்டில், எப்படிக் கட்டுவது?

ஒன்பதடிக் கோல், 10 முதல் 12 பவுண்டு தாங்கும் நரம்பு, அதன் முனையில் சற்று மெலிந்த இரண்டடி நரம்பு, 1 அல்லது 2ஆம் எண் முள். எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். நரம்பை முள்ளின் தண்டில் சுற்றிக் கட்டும்போது முள்ளின் காதுக்கருகே ஒரு தளர்ந்த கண்ணி வருமாறு கட்டுவார்கள். அந்தக் கண்ணிக்குள் சினைத் துண்டை நுழைத்து இறுக்கினால் குத்தாமலே நிற்கும். இறாலானால் பெரிய கொடுக்கைக் கிள்ளிவிட்டு, வாலில் முள்ளை நுழைத்து நடுவயிற்றில் வெளியே கொண்டுவந்து, ரப்பர் நூலால் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள்.

தக்கை போட்டுப் பிடிப்பது தொடங்குபவருக்கு எளிது; தக்கை அமிழ்ந்தால் இழுக்க வேண்டியதுதான். நான் தக்கையில்லாமல் ஈயத்தை அடியில் உருளவிட்டுப் பிடிப்பதையே விரும்புகிறேன். ஈயம் கல்லில் தட்டித் தட்டிப் போவது கோல் வழியாக விரலுக்குக் கேட்கும். அந்தத் தட்டல் சட்டென்று நின்றாலோ, நரம்பு இளகி இழுபடுவது போலத் தோன்றினாலோ, அது மீன். பெரும்பாலான கடிகள் அவ்வளவு மெல்லியவை.

எந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாம்?

முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சிறு சதைத் துண்டு போல ஒரு கொழுப்புத் துடுப்பு இருக்கும். குஞ்சு பொரிப்பகத்தில் வளர்த்து விடும் மீன்களுக்கு அதைக் குஞ்சிலேயே வெட்டிவிடுகிறார்கள். டில்லமுக் ஆறுகளில் அந்தத் துடுப்பு இல்லாத மீனைத்தான் வைத்துக்கொள்ளலாம். உடனே உங்கள் அனுமதிச் சீட்டில் பதிந்துவிட வேண்டும். துடுப்பு இருந்தால் அது காட்டு மீன். விட்டே ஆக வேண்டும்.

வைத்துக்கொண்ட மீனுக்கு நல்ல மிளகுக் குழம்பு தகும், புளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பச்சை மீனையோ அதன் குடலையோ நாய்க்குப் போடாதீர்கள். இந்தக் கரையோர சால்மன், ட்ரவுட்டுகளில் இருக்கும் ஒரு தட்டைப்புழு சுமந்துவரும் நுண்ணுயிரி நாயைக் கொன்றுவிடும்.

வாஷிங்டனில் இயற்கை இரைக்கே தடை என்கிறார்களே?

ஆம். வடக்கே ஒலிம்பிக் தீபகற்பத்தின் ஹோ, க்வீட்ஸ், சோல் டக் போன்ற புகழ்பெற்ற ஆறுகளில் காட்டு ஸ்டீல்ஹெட் குறைந்துகொண்டே போனதால், 2020 டிசம்பர் முதல் வாஷிங்டன் மாநிலம் கரையோர ஆறுகளில் இயற்கை இரையையும் படகிலிருந்து தூண்டில் போடுவதையும் தடுத்தது. மீன் இயற்கை இரையை ஆழமாக விழுங்கிவிடுகிறது. செவுளில் முள் ஏறினால் விட்ட பிறகும் பிழைப்பது அரிது. கடலுக்குப் போகக் காத்திருக்கும் குஞ்சுகளும் இரையில் சிக்குகின்றன.

எனக்கு இந்தத் தடையில் மனக்குறை இல்லை. ஒரேகானில் அனுமதி இருந்தும் நான் எனக்கென்று ஒரு வரம்பு வைத்திருக்கிறேன். குஞ்சு பொரிப்பக மீன்கள் வரும் டிசம்பர், ஜனவரியில் இறாலும் சினையும் போடுகிறேன். பிப்ரவரி நடுவில் காட்டு மீன்கள் மிகத் தொடங்கியதும் இரைப் பெட்டியை மூடிவிட்டு வண்ணக் கம்பளி நூலுக்கும் கரண்டித் தகட்டுக்கும் மாறிவிடுகிறேன். கடி குறைகிறதுதான். ஆனால் முட்டை நிறைந்த ஒரு பெண் மீன் என் இறாலை விழுங்கிச் செவுளில் இரத்தம் கசிய நின்றதை ஒரு மார்ச் மாதம் பார்த்தேன். விட்டேன், அது சாய்ந்தபடியே போயிற்று. அந்த ஆண்டிலிருந்து இந்த வழக்கம்.

காட்டு மீனை விடும் முறை என்ன?

நீரிலிருந்து தூக்காதீர்கள். வாஷிங்டனில் அது சட்டமே. ஒரேகானில் உங்கள் மனசாட்சி போதும். கரைக் கல்லில் இழுத்துப் போடாதீர்கள். கையை நனைத்துக்கொண்டு, வால்தண்டைப் பிடித்து, மீனின் தலை நீரோட்டத்துக்கு எதிராக இருக்கும்படி தாங்குங்கள். முள் தெரியாத ஆழத்தில் இருந்தால் நரம்பை வெட்டிவிடுங்கள், தோண்டாதீர்கள். தானே உதறிக்கொண்டு போகும்வரை காத்திருங்கள். படம் எடுக்கத்தான் வேண்டுமென்றால் மீன் நீருக்குள் இருக்கும்போதே எடுங்கள்.

ஆபத்து உண்டா?

உண்டு. குளிர்ந்த நீரில் விழுந்தால் சில நிமிடங்களில் கைவிரல்கள் வேலை செய்யாது. நீர்புகாக் காற்சட்டைக்கு மேல் இடுப்பில் இறுக்கமான வார் கட்டாமல் ஆற்றில் இறங்காதீர்கள். விழுந்தால் நீர் உள்ளே நிறையாமல் காப்பது அதுதான். ஊன்றுகோல் வைத்துக்கொள்ளுங்கள். மட்டம் ஏறும் ஆற்றைக் கடக்காதீர்கள்.

சேற்றுத் திட்டு ஆற்றைவிட அமைதியாகத் தெரியும். அதனால்தான் கூடுதல் ஆபத்து. நெட்டார்ட்ஸில் ஒரு மாலை, முழங்கால் வரை புதைந்து கால் எடுக்க வராமல், நீர் திரும்பும் ஓசையைக் கேட்டபடி நின்றிருக்கிறேன். அப்படிப் புதைந்தால் நேராக இழுக்காதீர்கள். முன்னால் குப்புறச் சாய்ந்து, எடையைக் கைகளுக்கு மாற்றி, குதிகாலை அசைத்து அசைத்துக் காற்று புக விட்டு ஒரு காலாக விடுவியுங்கள். தனியே போகாதீர்கள்.

முதல் மீனுக்கு எத்தனை நாள் ஆகும்?

எனக்கு மூன்றாவது குளிர்காலம் ஆயிற்று. வில்சனில், ஒரு பிப்ரவரி காலையில், நானே எடுத்த இறாலில். கொழுப்புத் துடுப்போடு வந்த காட்டு மீன் அது. ஒரு நிமிடம்கூட என் கையில் இருக்கவில்லை. உங்களுக்கு முதல் நாளே கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் உங்கள் கையில் குறை என்று எண்ண வேண்டாம்.

மீந்த இரையை என்ன செய்வது?

சினையை மீண்டும் உறைய வைக்கலாம். ஒரு முறைதான், இரண்டாம் முறை முட்டை உடைந்து கூழாகிவிடும். உயிரோடிருக்கும் இறாலை, எடுத்த அதே கழிமுகத்துக்கு மறு வற்றத்தில் கொண்டுபோய் விட முடியாதென்றால், உப்புத் தூவி உறைய வைத்து அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். மண்புழுவை ஆற்றங்கரைக் காட்டில் கொட்டாதீர்கள். இங்கே புல்தரையில் பிடிக்கும் பெரிய மண்புழு ஐரோப்பாவிலிருந்து வந்தது. காட்டுத் தரையின் இலைமட்கை அது தின்று தீர்த்துவிடும். எடுத்த புல்தரையிலேயே விட்டுவிட்டு, வீட்டுக்குள் நுழையும் முன் காலணிச் சேற்றைக் கழுவி உலர்த்துங்கள்.